எசேக்கியேல் நூலில் கடவுள் 'கழுவுகிறார்' என்றால் என்ன பொருள்?

பைபிளில் எபிரேயத் தீர்க்கதரிசி எசேக்கியேல் சொல்லும் கழுவுதல், அழுக்கோடு கிடப்பவரைக் கடவுளே சுத்தமாக்கிச் சேர்த்துக்கொள்வது. 16-ஆம் அதிகாரத்தில் எருசலேம் நகரம் ஒரு பெண் குழந்தையாக உருவகிக்கப்படுகிறது: தொப்புள்கொடி அறுக்காமல், குளிப்பாட்டாமல், உப்பு தேய்க்காமல் (பிறந்த குழந்தைக்கு உப்பு தேய்ப்பது அந்தக் கால வழக்கம்), துணியில் சுற்றாமல் வெளியில் எறியப்பட்டவள். இரத்தத்தில் கிடக்கும்போதே கடவுள் "பிழைத்திரு" என்கிறார். தண்ணீரும் எண்ணெயும் அப்புறம்தான். இந்த வரிசை என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும்.

காரணம் எளிது. பச்சைக் குழந்தை தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாது. சேற்றில் விழுந்த பிள்ளையை அம்மா முதலில் தூக்குகிறாள். புடவை அழுக்காகுமே என்று தயங்குவதில்லை.

திருந்திய பிறகுதான் கடவுள் கழுவுவார் என்று பலர் நினைக்கிறார்கள். 36-ஆம் அதிகாரத்திலோ சுத்தமான தண்ணீர் முதலில், புதிய இருதயம் அடுத்து, செய்ததை நினைத்து வருந்துவது அதற்கும் பிறகு.