ஒரு நம்பருக்காக மொத்த லிஸ்ட்டா?

கேள்வி: லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று நாளெல்லாம் கால் வருகிறது. தடுக்க அரசாங்கமே ஒரு செயலி கொடுத்தால், 'அந்தரங்கம் போச்சு' என்று கூச்சல் போடுகிறார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?

பதில்: சரி, உங்கள் போனில் உள்ள கால் லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் அச்சிட்டுவிடுகிறேன். தயங்குகிறீர்கள் இல்லையா? நீங்கள் தப்பு செய்தவர் என்பதால் அல்ல. எந்த டாக்டருக்கு எத்தனை தடவை போன் போட்டீர்கள், எந்த வக்கீலிடம் ராத்திரி பதினோரு மணிக்குப் பேசினீர்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தேவையில்லாத சமாசாரம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'டி.என்.டி.' (தொந்தரவு செய்யாதே) செயலி அந்த லிஸ்ட்டையும் எஸ்.எம்.எஸ்.களையும் பார்க்கத்தான் அனுமதி கேட்டது. ஆப்பிள் மறுத்தது. 2018 ஜூலையில் டிராய் ஒரு விதி போட்டது: ஆறு மாதத்துக்குள் இந்தச் செயலி கேட்கும் அனுமதிக்கு இடம் கொடுக்காத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே நீக்கச் சொல்லலாம். (அதே மாதம்தான் அப்போதைய டிராய் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து காட்டுங்கள் என்றார். ஆட்கள் அவருடைய கைபேசி எண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அதெல்லாம் ஏற்கெனவே வெளியில் இருப்பவைதான் என்று சமாளித்தார்.)

அப்புறம் என்ன ஆயிற்று? எந்த ஐபோனும் ஊமையாகவில்லை. செப்டம்பரில் வந்த ஐபோன் மென்பொருளான ஐ.ஓ.எஸ். 12இல் ஆப்பிள் ஒரு வசதி வைத்தது. தொந்தரவு கொடுத்த அழைப்பை நீங்களே தேர்ந்தெடுத்துப் புகார் செய்யலாம். அந்த ஒரு அழைப்பின் விவரம் மட்டும் செயலிக்குப் போகும். ஆப்பிளைத் தியாகி ஆக்க எனக்கு ஆசையில்லை, அவர்களுக்கு அது வியாபாரம். ஆனால் ஒரு நம்பரைக் காட்டிக்கொடுக்க மொத்த லிஸ்ட்டும் வேண்டும் என்ற வாதம் அன்றைக்கே செத்துப்போனது.

அப்படியும் அரசாங்கத்துக்குப் பாடம் ஏறவில்லை. 2025 நவம்பர் கடைசியில், புதுப் போன்கள் எல்லாவற்றிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் இல்லை என்று பின்வாங்கினார்கள்.

யார் யாருக்குப் பேசினார்கள் என்ற கணக்கு தொலைபேசி நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே சிம்மிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான கால் போனால் அவர்களுக்குத் தெரியாதா? புகார் சொல்ல 1909க்கு ஒரு எஸ்.எம்.எஸ். போதும், பட்டன் போனிலும் நடக்கும். பிடிக்க வேண்டியது அந்த நிறுவனங்களின் குடுமியை. 2025 பிப்ரவரியில் அதற்கும் விதி திருத்தினார்கள்: தொந்தரவு அழைப்புகளின் (ஸ்பேம்) எண்ணிக்கையைத் தவறாகக் காட்டினால் முதல் தடவை அபராதம் 2 லட்சம் ரூபாய். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு 2 லட்சம்! நீங்கள் கோபப்பட வேண்டியது அந்தத் தொகையைப் பார்த்து.