பென் டிரைவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: புளியரையில் வசிக்கிறேன். என் ஆச்சி பாடும் ஒரு காவடிச் சிந்து, தாத்தா வைத்திருந்த கிராமபோன் தட்டில் கேட்டுக் கற்றது. தட்டு உடைந்துவிட்டது. 1930களில் வந்த அதே பதிவு தன்னிடம் இருப்பதாகத் தென்காசியில் ஒருவர் சொல்கிறார். பென் டிரைவில் போட்டுத் தர, உரிமைத் தொகை சேர்த்து 6,000 ரூபாய், பாதி முன்பணமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உரிமைத் தொகை என்பதே பொய். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்தான் காப்புரிமை. 1930களின் தட்டுக்கு யாரும் தொகை கேட்க முடியாது.

தட்டின் படத்தைக் கேளுங்கள். நடுவில் ஒட்டிய தாள் மட்டும் போதாது. அதை அச்சடித்து ஒட்டிவிடலாம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், தாளுக்கும் ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான வட்டத்தில் ஓர் எண் தட்டின் அரக்கிலேயே பதிந்திருக்கும். அந்தப் படத்தைத் தர மறுப்பவரிடம் தட்டு இல்லை. புதிய பாட்டோடு கரகரப்பைக் கலந்து விற்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நேரத்தையும் பாருங்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஏழு நிமிடம் ஓடினால் சந்தேகப்படுங்கள். ஆனால் நீளமான பாட்டை இரண்டு பக்கத்திலும் பதிந்து, பாகம் 1, பாகம் 2 என்று வெளியிடுவதும் உண்டு. அதை ஒட்டித் தந்தால் ஏழு நிமிடம் நியாயமே. அப்போதும் நடுவில் பாட்டு நின்று, மறுபடி எடுப்பது காதுக்குத் தெரியும்; இரண்டு பக்கத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் கேளுங்கள். ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நீங்களே தேடும் வழி. 'காவடிச் சிந்து' என்று தேடினால் கடலில் விழுவீர்கள். அது ஒரு பாட்டுவகையின் பெயர். ஆச்சியைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, முதல் அடியை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டுக்குள் சென்னிகுளம் என்ற ஊர்ப்பெயர் வந்தால், அது பெரும்பாலும் அந்த ஊர்க்காரரான, கழுகுமலை முருகன்மேல் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாருடையது (1865–1891). தட்டில் பாடியவர் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். கவிஞர் பெயர் இல்லாமலே போகும். ஆகவே முதல் அடிதான் உங்கள் சாவி.

அந்த அடியோடு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். அங்கே இசைத்தட்டுகளும் பழைய பாட்டுப் புத்தகங்களும் சேகரிப்பில் உள்ளன.

வானொலியை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் இருக்கும் செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. திருநெல்வேலி நிலையத்தோடு நிறுத்தாமல் திருவனந்தபுரத்துக்கும் எழுதுங்கள். தமிழ்ப் பாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது? பதில் உடனே வராது. ஒரு நிலையத்துக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். நாடாக்களின் மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டோம் என்று கடைசியில் ஒரே வரி வந்தது. அந்த நாடாவில் பாடியிருந்தவர்களை இனி எங்கே போய்க் கேட்பது? எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான சான்றோடு.