மரண தண்டனைக் கருவி எப்படி ஒரு விசுவாசத்தின் அடையாளமானது?

ஒருவரை வதைத்துக் கொல்வதற்காகச் செய்த கருவியைக் கும்பிடும் இடத்தில் வைப்பதும் கழுத்தில் போட்டுக்கொள்வதும் விசித்திரமாக இல்லையா, சிலுவைக்கு உண்மையில் என்னதான் பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். விசித்திரம்தான். முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கு இது இன்னும் பல மடங்கு விசித்திரமாக, ஏன், அருவருப்பாகவே இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் சிலுவையின் பொருளுக்குள் போக முடியாது என்று நினைக்கிறேன்.

ரோமர்கள் எல்லாரையும் சிலுவையில் அறைந்துவிடவில்லை. அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ஆன தண்டனை. ரோமக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் அதிலிருந்து விலக்கு இருந்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சுமார் 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். சாகடிக்க எளிய வழிகள் எத்தனையோ இருந்தன. ஆடை உரிந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, 'இவன் ஒரு மனிதனே இல்லை' என்று அறிவிப்பதற்குத்தான் சிலுவை. யூதர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தடை. மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்கிறது அவர்களுடைய வேதநூலான உபாகமம் (21:23). சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று அப்போஸ்தலர் பவுல் தம் கடிதத்தில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

ரோமில் பாலட்டைன் குன்றில் ஒரு பழைய சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. கழுதைத் தலையுள்ள ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஒருவன் அதை வணங்குகிறான். 'அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. இயேசுவின் சிலுவை மரணத்தைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று இப்படி ஒரு கேலிப்படம். கிறிஸ்தவர்களோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் மீன், நங்கூரம், மேய்ப்பன் போன்றவற்றைத்தான் வரைந்தார்கள். கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு, நான்காம் நூற்றாண்டில்தான் சிலுவை எல்லாரும் அறிந்த பொது அடையாளமாகிறது. தண்டனையாக அது வழக்கொழிந்ததும் அந்த நூற்றாண்டில்தான்.

சரி, பொருளுக்கு வருவோம். புதிய ஏற்பாடு ஒரே விளக்கத்தோடு நிற்பதில்லை. பாவத்துக்கான பலி, மீட்கும் பொருள், ஒப்புரவாகுதல் (பகை நீங்கி உறவு சேர்தல்), தீய சக்திகளின்மேல் வெற்றி என்று பலவாறு பேசுகிறது. இறையியலாளர்களும் அப்படியே. ஆதித் திருச்சபையில் பலர் மரணத்தின்மேல் கிடைத்த வெற்றியை முன்வைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம், பாவத்தால் கடவுளின் மகிமைக்கு நேர்ந்த குறையை இயேசுவின் மரணம் ஈடுசெய்தது என்றார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின், நமக்குரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்பதை வலியுறுத்தினார். பல சபைகள் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாச அறிக்கை 'நமக்காக' அறையப்பட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் ஒரு விளக்கத்தை நான் ஏற்பதே இல்லை: கோபக்காரத் தந்தை ஒருவர், யாரையாவது அடித்தால்தான் கோபம் தணியும் என்று, குற்றமற்ற மகனை அடித்தார் என்பது. பிரசங்கங்களில் கிட்டத்தட்ட இப்படியே சொல்லக் கேட்டிருக்கிறேன். 'தேவன் கிறிஸ்துவுக்குள்' உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றுதான் பவுல் சொல்கிறார். வேறு யாரையோ தண்டித்துவிட்டுத் தள்ளி நிற்கிற கடவுள் அல்ல. அடிவாங்கும் இடத்துக்குத் தாமே வந்து நிற்கிற கடவுள். என் உயிரை யாரும் என்னிடமிருந்து எடுப்பதில்லை, நானே கொடுக்கிறேன் என்று யோவான் நற்செய்தியில் இயேசுவே சொல்கிறார்.

மாற்கு தம் நற்செய்தியில் இதை எவ்வளவு நுட்பமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். 10ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர்களான யாக்கோபும் யோவானும் வந்து, நீர் மகிமையில் அமரும்போது எங்களில் ஒருவருக்கு வலப்பக்கமும் மற்றவருக்கு இடப்பக்கமும் இடம் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் கேட்பது என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறார் இயேசு. 15ஆம் அதிகாரத்தில் அந்த இரண்டு இடங்களும் மறுபடி வருகின்றன. அவருக்கு வலப்பக்கம் ஒரு கள்வன், இடப்பக்கம் ஒரு கள்வன், இருவரும் சிலுவையில். தலைக்கு மேல் 'யூதருடைய ராஜா' என்ற எழுத்து. ரோமர்கள் யாரை மனிதரே இல்லை என்றார்களோ அவர்களுக்கு நடுவில் கடவுள் அரசராகிறார். சிலுவையின் மையம் எனக்கு இதுதான்.

லூக்கா நற்செய்தியில், சிலுவையிலிருந்து அவர் சொன்னது மன்னிப்பு. 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்.' ஆழமாகக் காயப்பட்டவர் மன்னிக்கும்போது அந்த வலி எங்கேயும் போய்விடுவதில்லை. திருப்பி அடிக்காமல் தாமே அதைச் சுமக்கிறார். கடவுள் நம்மை மன்னித்ததும் அப்படி விலை கொடுத்துத்தான் என்று நம்புகிறோம்.

இதெல்லாம் உயிர்த்தெழுதல் இல்லாமல் நிற்காது. அது இல்லையென்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே சொல்லிவிட்டார். பல புராட்டஸ்டன்ட் சபைகளில் வெறும் சிலுவையும், கத்தோலிக்க ஆலயங்களில் இயேசுவின் உடலோடு கூடிய பாடுபட்ட சுரூபமும் இருப்பதை வைத்து நடக்கும் சண்டை தேவையற்றது. ஒன்று வெற்றியை முன்னால் வைக்கிறது, மற்றது அதற்கான விலையை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம், முதலாளியிடம் அவமானப்படும் தொழிலாளியிடம், 'இது உன் சிலுவை, பொறுமையாகச் சும' என்று சொல்பவர்கள் உண்டு. இது கொடுமை. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று என்று இயேசு சொன்னது, அவர் வழியில் போக ஒருவர் தாமே மனதார எடுக்கும் முடிவைப் பற்றி. பலவீனமானவர் முதுகில் இன்னொருவர் ஏற்றிவைக்கும் பாரம் அது அல்ல. அப்படி ஏற்றுகிறவர் அந்தக் கதையில் நிற்கும் இடம் ரோமச் சிப்பாயின் இடம்.

மேற்கொண்டு படிக்க விரும்பினால் விளக்க நூல்களைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மாற்கு 14 முதல் 16 வரை ஒரே மூச்சில் படியுங்கள், பிறகு லூக்கா 23. படித்ததும் எழும் கேள்விகளைக் கருத்தில் எழுதுங்கள், தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.