கடைசி நேரத்தில் கடல் தூண்டில்: வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மச்சான் வரும் வெள்ளிக்கிழமை இரவு வந்து திங்கள் இரவு திரும்புகிறார். படகில் கடலுக்குப் போய் தூண்டில் போட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. நாங்கள் நான்கு பேர், அதில் இருவருக்கு நீச்சல் தெரியாது. ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது. இன்று புதன்கிழமை ஆகிவிட்டது. சென்னைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் ஞாயிறை விட்டுவிட்டு திங்கள் காலையைக் கேளுங்கள். பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற படகுகள் நம் கரையில் நிறைய இல்லை. இருப்பவையும் சனி, ஞாயிறுக்கு முன்கூட்டியே நிரம்பிவிடும். திங்கள் காலை அதே படகு கரையில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற படகின் சொந்தக்காரரிடம் பேரம் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை பேச முடியாது. மச்சான் திங்கள் இரவுதானே கிளம்புகிறார், உங்களுக்கு அது தோதாகவே அமைந்திருக்கிறது.

காலமும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையின் வேகமெல்லாம் அடங்கி, இந்த மாசி மாதத்தில் வங்கக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். இதையே ஐப்பசியிலோ கார்த்திகையிலோ கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் மனதில் வையுங்கள். இந்தத் தடவை தவறினால் பங்குனிக்குள் இன்னொரு முறை முயற்சி செய்யலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். முதல் முறை போகிற பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். படகுக்கான செலவு ஆள் கணக்கில் வருவதில்லை, படகு கணக்கில் வருகிறது. நீங்கள் இருவர் ஏறினாலும் ஐவர் ஏறினாலும் எரிபொருள் ஏறக்குறைய ஒன்றுதான், படகோட்டிக்கும் உதவியாளுக்கும் கூலி ஒன்றுதான். அந்தச் செலவில், படகு ஓடுகிற நேரத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவது எரிபொருள். படகின் பின்புறம் வெளியே மாட்டுகிற, 40 குதிரைத்திறன் கொண்ட ஓர் அவுட்போர்டு எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விடும். அதனால் விலை குறைய வேண்டுமென்றால் படகு ஓடுகிற நேரம் குறைய வேண்டும். லைஃப் ஜாக்கெட்டிலோ ஆளிலோ குறைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

ஓடுகிற நேரத்தை எப்படிக் குறைப்பது? மீன் பிடிக்கும் முறையை மாற்றித்தான். சமூக ஊடகப் படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் டிரோலிங். படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க, பின்னால் போலி மீன்கள் இழுபடும். வஞ்சிரம், சீலா, சூரை எல்லாம் அப்படித்தான் சிக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மயில் மீனும் வரும். ஆனால் எஞ்சின் அணையவே அணையாது. இன்னொரு முறை, கரையிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஒரு பாருக்குப் போய் நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஈயம் கட்டிய தூண்டிலை அடிக்கு இறக்குவது. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். இரைக்கு இறால், கணவாய், மத்தித் துண்டு போதும். சங்கரா, கலவா, விளமீன், பாறை மீன் என்று கலந்து வரும். போக அரை மணி, வர அரை மணி, நடுவில் இடம் மாற்றக் கொஞ்சம் என்று பார்த்தால் 20 லிட்டரில் முடிந்துவிடும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், பணம் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். டிரோலிங்கில் மூன்று மணி நேரம் ஒரு கடிகூட இல்லாமல் போகலாம், மீன் விழும்போது ராடு, அதாவது தூண்டில் கோல், ஒருவர் கையில்தான் இருக்கும், மற்ற மூவரும் வேடிக்கை பார்க்க வேண்டும். அடித்தூண்டிலில் நான்கு பேர் கையிலும் தூண்டில் நரம்பு இருக்கும். சின்ன மீனாக இருந்தாலும் அது விரல் நுனியில் கொத்துவது தெரியும். அந்தக் கொத்தலுக்காகத்தான் நான் இத்தனை வருடமாக வேலூரிலிருந்து கடலுக்குப் போய்வருகிறேன்.

ஆகவே தொலைபேசியில் பேசும்போது "எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நாலு பேர், திங்கள் காலை, நாலு மணி நேரம், பக்கத்துப் பார், அடித்தூண்டில் மட்டும்" என்று சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். எட்டாயிரம் ரூபாயில் நாள் முழுக்க ஆழ்கடல் கேட்டால் வராது. மேலே சொன்ன மாதிரி கேட்டால் பேச்சு நடக்கும்.

யாரிடம் கேட்பது? கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி போன்ற, நீர் விளையாட்டுகள் ஏற்கெனவே நடக்கிற ஊர்களில் தொடங்குங்கள். வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் சொச்சம், புதுச்சேரியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். சென்னை என்ற ஒரே எண்ணத்தில் இருக்க வேண்டாம். இன்னொரு நல்ல வழி, சென்னையில் ராடும் ரீலும் விற்கிற கடைகள். தூண்டில் பைத்தியங்கள் எல்லாம் வந்து போகிற இடம் அது. எந்தப் படகில் திங்கள் இடம் காலி, யார் வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுக்களிலும் ஓடும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே இருவர் மூவர் சேர்ந்துவிட்ட படகில் மிச்சமிருப்பது பெரும்பாலும் இரண்டு இடம்தான், நான்கு பேராகக் கேட்டால் இல்லை என்பார்கள். இரண்டு இரண்டாகப் பிரிந்து இரு படகில் போகச் சம்மதமா என்று உங்களுக்குள் முதலிலேயே பேசிவிடுங்கள். பிரிய மனமில்லை என்றால் உங்கள் பக்கத்திலிருந்து இன்னொருவரைச் சேர்த்து ஐந்து பேராகப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். படகு தாங்குமா என்று கேட்டுவிட்டு.

காசிமேட்டுக்குப் போய் ஏதாவது விசைப்படகில் ஏறிக்கொள்ளலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அந்தப் படகுகள் தொழிலுக்குப் போகின்றன, பல நாள் கடலிலேயே தங்குகின்றன, வலைதான் அவர்கள் வேலை. குப்பத்துக் கரையில் நிற்கிற பைபர் படகுக்காரர் ஐந்நூறு ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றாலும் யோசியுங்கள். அவர் கடலை உங்களையும் என்னையும்விட நூறு மடங்கு அறிந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படகு மீன்பிடிக்கப் பதிவானது, ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் பதிவானதில்லை. நான்கு பேருக்கு லைஃப் ஜாக்கெட் அதில் இருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் யாரும் ஆழ்கடலுக்குப் போகவில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் கடைசி நேரத்தில், தொலைபேசியில் மட்டும் பேசிய ஒருவருக்கு முழுத் தொகையையும் ஜிபேயில் போட்டேன். படத்தில் காட்டிய படகு ஒன்று, விடியற்காலை கரையில் நின்றது வேறொன்று. ஆறு பேருக்கு இரண்டு ஜாக்கெட், அதில் ஒன்றுக்கு வார் இல்லை. என்னோடு என் தங்கை மகனும் வந்திருந்தான். ஏறாமல் திரும்பினோம், பணம் வரவில்லை. அந்தப் பணம் போனதற்கு நான் இன்றுவரை வருந்தியதில்லை. நீங்கள் முன்பணமாக ஒரு சிறு தொகை கொடுங்கள், மீதியைப் படகையும் ஜாக்கெட்டையும் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். அன்று நிற்கப்போகும் படகின் படத்தையும் பதிவு எண்ணையும் முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள். பயணிகளை ஏற்ற அனுமதி உண்டா, காப்பீடு உண்டா, ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். காற்று எழும்பிக் கடல் சரியில்லாமல் போனால் பணம் திரும்புமா, இல்லை வேறு நாள் தருவார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிடிபடும் மீன் யாருக்கு என்பதும் படகுக்குப் படகு மாறும், கேட்டுவிடுங்கள்.

நீச்சல் தெரியாத இருவரைப் பற்றி: ஜாக்கெட்டை ஏறும்போதே மாட்டி, வாரை இறுக்கி, கரைக்கு வந்து இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். அடியில் போட்டு உட்காருவதற்கு அது இல்லை. இந்த ஒன்றில் அவர்கள் உறுதியாக இருந்தால் தாராளமாக வரலாம்.

ஞாயிறு மாலை கடலின் நிலவரத்தைப் பாருங்கள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடற்கரை வாரியாக அலை உயரமும் காற்றும் இணையத்தில் தருகிறது, வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையும் கிடைக்கும். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டும் என்றிருந்தால் புதியவர்களை நான் கூட்டிப்போவதில்லை. கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் எழுந்து திடீரெனக் கரையை அடிக்கிற பேரலை, பற்றிய எச்சரிக்கை இருந்தால், வானம் தெளிவாக இருந்தாலும், கரையிலிருந்து படகைத் தள்ளும்போதே ஆபத்து. படகோட்டி "இன்னைக்கு வேணாம் சார்" என்று சொன்னால் அதோடு பேச்சை விட்டுவிடுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் நான்கு பேரின் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், கடலில் சோதனை உண்டு.

விடியற்காலையில் கடலில் இருப்பது நல்லது, வெயில் ஏறினால் கடல்காற்று எழும்பி அலை கூடும். ஐந்து மணிக்குக் கரையில் நிற்க வேண்டுமென்றால் குடியாத்தத்திலிருந்து நள்ளிரவில் கார் எடுக்க வேண்டியிருக்கும். தூக்கமில்லாமல் ஓட்டிப்போய், தூக்கமில்லாமல் படகில் ஏறினால் வாந்தி நிச்சயம். ஞாயிறு மாலையே போய் ஒரு சாதாரண அறையில் தங்கிவிடுங்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு பிரியாணி வேண்டாம். காலையில் இரண்டு இட்லி, வெறும் வயிறும் கூடாது. வாந்திக்கான மாத்திரை தேவையென்றால் மருத்துவரைக் கேட்டு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. நங்கூரம் போட்டு நிற்கிற படகு ஓடுகிற படகைவிட அதிகம் ஆடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அப்போது கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

சாமான் எதுவும் வாங்க வேண்டாம். படகில் ராடு தருவார்கள், இல்லையென்றால் கையில் பிடிக்கிற தங்கூஸ் நரம்பே அடித்தூண்டிலுக்குப் போதும். விரலில் சுற்றிக்கொள்ள ஒரு பழைய துணி எடுத்துப்போங்கள், பெரிய மீன் இழுத்தால் நரம்பு சதையை அறுத்துவிடும். மச்சானுக்கு ராடு வீசிப் பார்க்க ஆசை என்றால், யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கி, கொக்கியைக் கழற்றிவிட்டு, வெறும் ஈயத்தைக் கட்டி, சனிக்கிழமை மாலை கௌண்டன்ய ஆற்று மணலில் வீசிப் பழகட்டும். தண்ணீர் இல்லாத நம் ஆறுகள் இதற்கு அருமையான இடம்.

மீன் வந்ததும் கையால் பிடிக்க அவசரப்படாதீர்கள். கடல் கெளுத்தியின் முள்ளிலும் திருக்கையின் வால் முள்ளிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும், அப்புறம் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பந்துபோல் உப்புகிற பேத்தை மீனைக் கடலிலேயே விட்டுவிடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. இந்த மாதங்களில் ஆமைகள் முட்டையிடக் கரைப்பக்கம் வரும். தூண்டிலில் சிக்கினால் நரம்பை முடிந்தவரை வாயருகே வெட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கைப்பிடி அளவு குட்டி மீன்களையும் விட்டுவிடலாம்.

கடல் அன்று இடம் கொடுக்கவில்லை என்றால்? கோவளம் பக்கம் வந்தவர்கள் கரையிலிருந்தே தூண்டில் போடலாம், கிட்டத்தட்டச் செலவே இல்லை. ஊர்ப் பக்கம் காவேரிப்பாக்கம் ஏரி, சாத்தனூர் அணை என்று நினைப்பீர்கள். அங்கெல்லாம் மீன்பிடி உரிமை யாரிடம் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டுத்தான் தூண்டிலை எடுக்க வேண்டும்.

ஒரு தெர்மோகோல் பெட்டி மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். கரையிலேயே மீனின் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு என்று வைத்து மூடுங்கள். காஞ்சிபுரம் தாண்டி வாலாஜா பக்கம் டீக்கு நிற்கும்போது உருகிய தண்ணீரை வடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டால், மச்சான் பெங்களூர் வண்டி ஏறுவதற்கு முன் வீட்டில் குழம்பு வைத்துவிடலாம்.