மாசி மகக் கடை: இரும்புக் கம்பத்தில் ஷாக்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஜெனரேட்டரில் ஓடும் உங்கள் கடையில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, ஆனால் கம்பத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது, அப்போது விழவில்லை என்கிறீர்கள். முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள் சார்.

அந்தப் பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. ஜெனரேட்டர் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருந்தால், கசிகிற மின்சாரம் திரும்பிப் போக ஒழுங்கான வழி கிடையாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழ வேண்டிய ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும். நியூட்ரலையும் ஜெனரேட்டர் பாடியையும் எர்த் ராடில் (மண்ணில் இறக்கும் உலோகக் கம்பி) சேர்க்கச் சொல்லுங்கள், ஆர்சிசிபிக்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கமாக. பின்னால் சேர்த்தால் சும்மா சும்மா விழும். ராடு ஈர மணல் வரை இறங்க வேண்டும், மேல் மணல் பிரயோஜனமில்லை. கம்பத்தையும் பச்சை எர்த் ஒயரால் சேர்க்க வேண்டும். அப்புறம், டேப் சுற்றிய ஜாயிண்ட் எதுவும் மணலில் கிடக்கிறதா பாருங்கள். என் சந்தேகம் அங்கேதான். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.