வெள்ளை சோஸ் எந்தப் போத்தலில் இருக்கிறது?

கேள்வி: அக்கா, மாதத்தில் இரண்டு தடவையாவது காலி வீதியிலுள்ள ஓர் அரபு உணவகத்தில் சுட்ட கோழி வாங்குவோம். கோழியைவிட அதனுடன் வரும் வெள்ளை நிற உள்ளிச் சோஸில்தான் பிள்ளைகளுக்கு உயிர். முன்பெல்லாம் கேட்டால் இரண்டு கிண்ணம் கூடுதலாகத் தருவார்கள். இப்போது ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் காசு. வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இரண்டு வகை மயோனைஸ், உள்ளித் தூள், 'கார்லிக் டிப்' என்று எழுதிய ஒரு வெளிநாட்டுப் போத்தல் எல்லாம் வாங்கிக் கலந்து பார்த்துவிட்டேன். எதைச் செய்தாலும் இனிக்கிறது. எந்த மயோனைஸ் வாங்க வேண்டும்? கிண்ணத்துக்குத் தனியாகக் காசு வாங்கலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: எந்த மயோனைஸும் வாங்காதீர்கள். நீங்கள் தேடுகிற சாமான் மயோனைஸ் தட்டில் இல்லை. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சோஸுக்கு லெபனான், சிரியாப் பக்கத்தில் 'தூம்' என்று பெயர். அரபியில் தூம் என்றால் உள்ளி. உள்ளி, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு என்று நான்கே சாமான்கள். முட்டை கிடையாது, பால் கிடையாது, சீனியும் கிடையாது. இனி உங்கள் மயோனைஸ் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் சேர்பொருள்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகப் போடுவார்கள். என் வீட்டுப் போத்தலில் எண்ணெய், தண்ணீர், அடுத்ததாகவே சீனி. மூன்றாவது இடத்தில் சீனி இருக்கிற ஒன்றில் எவ்வளவு உள்ளித் தூளைக் கொட்டினாலும் அது இனிப்பான மயோனைஸாகத்தான் இருக்கும். அந்த மூன்று போத்தல் காசுக்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு கோழியே வாங்கியிருக்கலாம். போனது போகட்டும்.

ஒரு தடவைக்கு 60 கிராம் உரித்த உள்ளி போதும். பெரிய பல் என்றால் பதினைந்து வரும். நம் சந்தையில் கிடைக்கும் உள்ளி அநேகமாக இறக்குமதிதான். அதனால் ஊர் பார்த்து வாங்க வேண்டாம், கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். கல்லுப் போல இறுகியிருக்க வேண்டும். பல்லுக்குள் பச்சை முளை இருந்தால் நெடுக்காகக் கீறி அதை எடுத்துவிடுங்கள். கசப்பு அதில்தான் இருக்கிறது. உரித்துப் பைக்கற்றில் அடைத்த உள்ளி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பிரித்ததும் புளித்த வாடை அடித்தால் இதற்கு உதவாது. அரைத்த உள்ளிப் போத்தல் வேண்டவே வேண்டாம். கறிக்கு அது சரி, இந்தச் சோஸில் வினாகிரி வாடை முன்னால் வந்து நிற்கும்.

எண்ணெயில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் வீடுகளில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோஸ் காலையில் மெழுகுக் கட்டியாக இருக்கும். வாசனையும் உள்ளியோடு சண்டை பிடிக்கும். ஒலிவ் எண்ணெய் விலையும் கூட, பிளெண்டரில் வேகமாக அடித்தால் கசப்பும் கூட. சாதாரண சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள். 240 மில்லிலீற்றர் போதும், அரை லீற்றர்ப் போத்தலில் பாதிக்கும் குறைவு. எலுமிச்சை கிடைக்காத ஊரில் நமக்குத் தேசிக்காய் இருக்கிறது. இரண்டு பழத்தின் புளி, இரண்டு மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி.

செய்முறை சின்னது, பொறுமைதான் பெரிதாக வேண்டும். எண்ணெயை அரை மணி நேரம் குளிரில் வையுங்கள். கொழும்பு வெக்கையில் பிளெண்டரின் சூடும் சேர்ந்தால் சோஸ் திரிந்துவிடும். உள்ளியையும் உப்பையும் முதலில் அரையுங்கள். பெரிய ஜாரில் இந்த அளவு பிளேட்டுக்கு எட்டாது, சட்னி அரைக்கும் சின்ன ஜாரை எடுங்கள். விளிம்பை வழித்து வழித்து, விரலில் தொட்டால் ஒரு மணிகூடத் தட்டுப்படாத அளவுக்கு அரைபட வேண்டும். பிறகு தேசிப்புளியில் ஒரு தேக்கரண்டி. அதன் பின் எண்ணெய், நூல் போல. முதல் கால் பங்கு எண்ணெய் போய் முடிய இரண்டு மூன்று நிமிடம் எடுக்க வேண்டும். இடையிடையே ஒரு தேக்கரண்டி புளி, மறுபடி எண்ணெய். பாதி எண்ணெய் போனதும் மோட்டாரின் சத்தம் மாறும். இரைச்சல் தணிந்து 'தப், தப்' என்று கனமாக அடிக்கும். மூடியைத் திறந்தால் சவரக் கிறீம் போல வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக நிற்கும். அந்தச் சத்தம் வரும்வரை அவசரப்படக் கூடாது.

இவ்வளவு கவனம் ஏனென்றால், மயோனைஸில் முட்டை மஞ்சட்கரு எண்ணெயையும் நீரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளிக்கு அந்தப் பிடி கொஞ்சம்தான் உண்டு. மடமடவென்று ஊற்றினால் கைவிட்டுவிடும். அப்படித் திரிந்துவிட்டால் வீசாதீர்கள். அவித்து ஆறிய உருளைக்கிழங்கில் ஒரு மேசைக்கரண்டி அளவு மசித்து ஜாரில் போட்டு, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு அடியுங்கள், சேர்ந்துவிடும். செய்த அன்று காரம் மூக்கில் ஏறும். ஓர் இரவு குளிரில் இருந்தால் அடங்கும்.

இப்படிச் செய்தும் 'கடைச் சோஸ் போல இல்லையே' என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் உங்கள் கடையில் தருவது அசல் தூம் அல்ல என்று பொருள். எண்ணெய் விலையில் முழுத் தூம் கொடுத்துக் கட்டாது என்று சில கடைகள் சோளமாவைக் காய்ச்சிச் சேர்க்கின்றன. கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட விஞ்ஞானமே போதும்: மிஞ்சிய சோஸில் ஒரு துளியைச் சாசரில் வைத்து, காயத்துக்குப் பூசும் அயடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவு. நான் வாங்கும் ஒரு கடையின் சோஸ் பேனா மைபோல ஆனது. கோபம் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது! (சோதித்ததைக் கழுவி ஊற்றிவிடுங்கள், தின்னக் கூடாது.)

அந்த ருசிதான் வேண்டுமென்றால் செலவு இன்னும் குறைவு. இரண்டு மேசைக்கரண்டி சோளமாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி, நன்றாக ஆற விடுங்கள். ஏழெட்டுப் பல் உள்ளி, உப்பு, தேசிப்புளியுடன் அதை அடித்து, 100 மில்லிலீற்றர் எண்ணெயை மெல்ல விடுங்கள். திரியாது, பயமில்லை. தேசிக்காய் விலை ஏறும் காலத்தில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டாலும் போதும்.

வைத்திருப்பது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு மேசையில் வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணத்திலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்காது. 1985இல் கனடாவின் வன்கூவரில் ஓர் உணவகம் குளிரில் வைக்காமல் பாவித்த எண்ணெய் உள்ளியால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். தேசிப்புளி ஓரளவு காக்கும், ஆனால் அதை நம்பி வெளியில் வைக்க வேண்டாம். செய்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள், நான்கு நாளில் முடித்துவிடுங்கள். அதனால்தான் அளவைச் சின்னதாகச் சொன்னேன். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோன நாளில் மனமிரங்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி காசு. கூடுதல் கிண்ணத்துக்கு விலை வைப்பது கடைக்காரரின் உரிமை. இலவசமாகத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அந்த விலை கண்ணில் படும் பட்டியலில் இருக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இரண்டையும் சொல்கிறது. பட்டியலில் இல்லாத கிண்ணம் பில்லில் மட்டும் முளைத்தால், முதலில் காசாளரிடம் கேளுங்கள். சரிவராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சீன உணவகங்களில் பிரைட் ரைஸுடன் தரும் சிவப்புச் சில்லி பேஸ்ட்டை வீட்டில் செய்தால் மிளகாய் கருகிக் கசக்கிறது. போத்தலில் விற்பது தக்காளி சோஸ் மாதிரி இருக்கிறது. சாமான்களை புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கினால் இலாபமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஐம்பது கிராம் செத்தல் மிளகாய்க்காக நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டைகளுக்கு நடுவே நெரிபட வேண்டாம், தம்பி. உங்கள் பகுதிச் சந்தையே போதும். தூளாகவோ இடித்ததாகவோ வாங்காமல் முழு மிளகாயாக வாங்குங்கள். இடித்த பிறகு என்ன மிளகாய் என்று யாருக்கும் தெரியாது. காம்புப் பக்கத்தைப் பாருங்கள், சாம்பல் நிறப் பூஞ்சை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கருகுவதற்குக் காரணம், மிளகாயை அடுப்பு எரியும்போது போடுவது. எண்ணெயில் நறுக்கிய உள்ளி, சிறிது இஞ்சி, இடித்த மாசி அல்லது காய்ந்த கூனி இறால் ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்கி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இடித்த மிளகாயைக் கொட்டுங்கள். எண்ணெயின் சூடே போதும். பிறகு உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி.

வினாகிரியில் ஒரு வேடிக்கை. நல்ல சாமானாக இருக்கட்டும் என்று பலரும் இதற்குத் தென்னை வினாகிரி வாங்குகிறார்கள். கள்ளைப் புளிக்க வைத்து எடுக்கும் அது அச்சாறுக்கு அருமை, ஆனால் இந்தப் பேஸ்ட்டில் கள்வாடை தெரியும். கடைச் சில்லி பேஸ்ட்டின் வெட்டென்ற புளிப்பு அநேகமாக மலிவான செயற்கை வினாகிரியில் வருவது. ஆகவே அதையே வாங்குங்கள். தென்னை வினாகிரியின் விலையைக் கொடுத்துச் செயற்கையை வாங்கிவிடாமல் லேபிளை மட்டும் வாசித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏதோ குறைகிறது என்றால் அது அஜினோமோட்டோ. ஒரு சிட்டிகை போட்டால் ஒன்றும் ஆகாது, போடாமல் விட்டால் கடை ருசியை எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: மூன்று கிலோ மயோனைஸ் வாளி ஒன்றைத் திகதி முடிய ஐந்து வாரம் இருக்கையில் பாதி விலைக்குத் தருகிறார்கள். நாங்கள் நான்கு பேர். வாங்கலாமா? அல்லது முட்டையில் வீட்டிலேயே அடிப்பது நல்லதா? (தெஹிவளை வாசகி)

பதில்: வாளியில் உள்ள திகதி திறக்காத வாளிக்கு. திறந்த பின் எத்தனை நாள் என்று சின்ன எழுத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் வாசியுங்கள். நான்கு பேர் ஐந்து வாரத்தில் மூன்று கிலோ தின்ன வேண்டுமென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 கிராம், ஒரு நாளும் தவறாமல். பிறந்தநாள் விருந்து ஏதும் வருகிறதென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் பாதி விலையில் வாங்கிப் பாதியைக் கொட்டுவீர்கள்.

பச்சை முட்டையில் அடிப்பதைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். சல்மொனெல்லாக் கிருமிக்கு அது நல்ல இடம். 2024இல் தெலங்கானாவும், 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது இதனால்தான். சின்னப் போத்தலாக வாங்குங்கள். அதுவும் கட்டாவிட்டால் மேலே வெள்ளவத்தைக்காரருக்குச் சொன்ன சோளமாச் சோஸில் உள்ளியை மூன்று பல்லாகக் குறைத்து, கொஞ்சம் சீனியும் கடுகு அரைத்ததும் சேர்த்துப் பாருங்கள். சாண்ட்விச்சுக்குள் வைத்தால் என் வீட்டில் யாரும் வித்தியாசம் கேட்டதில்லை.