யானை மேல் துஞ்சிய இளவரசர்

கேள்வி: தக்கோலப் போரில் சோழர்கள் படுதோல்வி அடைந்ததாகப் படிக்கிறோம். ஆனால் அரை நூற்றாண்டுக்குள் முதலாம் இராஜராஜன் பேரரசை எழுப்பிவிடுகிறான். அப்படியானால் அந்தத் தோல்வி பெரிதாக எதையும் மாற்றவில்லை என்று கொள்ளலாமா?

பதில்: இழந்த நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அப்படிச் சொல்லலாம், அரியணை யாருக்குப் போயிற்று என்று பார்த்தால் சொல்ல முடியாது.

வடக்கிலிருந்து இராஷ்டிரகூடர் படையெடுப்பு வரக்கூடும் என்று எதிர்பார்த்த சோழ மன்னன் முதலாம் பராந்தகன், தன் மூத்த மகன் இராஜாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் (இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி) நிறுத்தியிருந்தான். 949-இல், இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுடைய மைத்துனனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் அந்தப் படையை எதிர்கொண்டனர். யானை மீதிருந்து போரிட்ட இராஜாதித்தன் அம்பாரியிலேயே உயிர்துறந்தான். ‘யானை மேல் துஞ்சிய தேவர்’ என்று சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுகின்றன.

அவனைக் கொன்றவன் பூதுகன் என்பதைச் சொல்வது கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு. பூதுகனுக்குப் பரிசாகப் பனவாசி உள்ளிட்ட நாடுகள் கிடைத்த செய்தியும் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் போர் வெற்றிக்காக நடப்பட்டதே அன்று. போரில் திறம் காட்டிய மணலரதன் என்ற வீரன், பூதுகனிடம் வேறெதுவும் கேளாமல் ‘காளி’ என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான்; அது ஒரு காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. அந்த நாய்க்கு எடுத்த நினைவுக்கல்லில்தான் ஒரு சோழ இளவரசனின் முடிவும் பதிவாகியிருக்கிறது.

காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை நாடு சோழர் கையை விட்டுப் போயிற்று. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்று கிருஷ்ணனின் கல்வெட்டுகள் முழங்கினாலும், அவை பெரும்பாலும் தொண்டை நாட்டிலும் திருமுனைப்பாடியிலுமே கிடைப்பதால், காவிரிக் கரையில் அவன் நிலைத்து ஆண்டான் என்று கொள்வதற்கில்லை. வென்றவர்களும் நெடுநாள் நிலைக்கவில்லை: 972-இல் பரமார மன்னன் சீயகன் இராஷ்டிரகூடத் தலைநகரான மான்யகேடத்தைச் சூறையாட, அடுத்த ஆண்டே இரண்டாம் தைலபன் இராஷ்டிரகூடரை வீழ்த்திச் சாளுக்கிய ஆட்சியை மீட்டெடுத்தான்.

ஆனால் இராஜாதித்தன் இறந்ததால் பட்டம் தம்பி கண்டராதித்தனுக்கு வந்தது. அவன் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுவனாக இருந்தமையால், அது அடுத்த தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. இடையில் உத்தமன் ஆண்டு முடித்த பிறகு, 985-இல் அரியணை ஏறிய இராஜராஜன் இந்தச் சுந்தர சோழனின் மகன். தக்கோலத்தில் இராஜாதித்தன் பிழைத்திருந்தால், தம்பி அரிஞ்சயனின் பேரனுக்கு முடி கிட்டியிருக்குமா என்பது ஐயமே. அந்த இராஜராஜன்தான் பிற்பாடு பூதுகனின் கங்க நாட்டையும் சோழப் பேரரசோடு சேர்த்துக்கொண்டான்.